ஏழு கன்னி மலையில் காந்தம் இல்லை

மஸ்கெலியா,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதனால்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன். உன் பிள்ளைப்பேற்றுக்குக் கட்டாருக்கு வரமாட்டேன் என்று அவள் சொல்வதற்குக் காரணம் முழங்கால் வலி இல்லை. பிளேனுக்குப் பயம். கீழ் லயத்து வரிசை வீட்டுப் பெரியம்மாவின் பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லாம் பார்த்து வைத்திருக்கிறாள். நானும் ஒரு மாதமாக ஒவ்வொன்றையும் மெய்யா பொய்யா என்று தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேயிலைத் தோட்ட வேலையை விட்ட கணக்கப்பிள்ளைக்கு வேறு என்ன வேலை?

முதலில் மலை. 1974 டிசம்பர் 4 ராத்திரி ஏழு கன்னி மலையில் விமானம் மோதியபோது எனக்கு எட்டு வயது. சத்தம் கேட்டதும் பாட்டி இடி என்றுதான் சொன்னார். விடிந்த பிறகு ஆண்கள் மலைக்கு ஏறினார்கள், உன் தாத்தாவும் போனார். திரும்பி வந்தவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து மக்காவுக்குப் புறப்பட்ட ஹஜ் யாத்திரிகர்கள் 182 பேர், ஊழியர்கள் 9 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. இலங்கையில் இன்றுவரை அதைவிடப் பெரிய விமான விபத்து நடக்கவில்லை.

மலைக்குள் காந்தப் பாறை இருக்கிறது, அதுதான் இழுத்தது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். கன்னிமாருக்குக் கோபம் என்றும் சிலர் சொன்னார்கள். கன்னிமார் விஷயத்தில் நான் வாய் திறக்கமாட்டேன். காந்தக் கதையை மட்டும் வெகுகாலம் நம்பியிருந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. அம்மாவின் சோற்றுச்சட்டியில் ஒரு காந்தத்தை வைத்துக் காட்டினேன். வழுக்கி விழுந்தது. "சட்டி வேறு, பிளேன் வேறு" என்றாள்.

நடந்தது இதுதான். கிழக்கிலிருந்து வந்த விமானிகள் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கிட்ட வந்துவிட்டதாக நினைத்து உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். உண்மையில் இன்னும் எழுபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது, நடுவில் நம்ம மலைகள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தப்பாக எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதற்கு மூன்று நாள் முன்னால், டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவில் வர்ஜீனியாவிலும் ஒரு விமானம் இதே மாதிரி மலையில் மோதி 92 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் தரை கிட்ட வந்தால் எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களில் கட்டாயம் வைக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. டான் பேட்மன் என்ற கனடாக்காரப் பொறியியலாளர் செய்த கருவி. தரை நெருங்கினால் 'புல் அப், புல் அப்' என்று கத்துமாம், மேலே தூக்கு என்று அர்த்தம். 1990களில் வந்த வகை உலகத்து மலைகளின் உயரத்தையே மனப்பாடமாக உள்ளே வைத்திருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை அப்பவே வைத்திருக்கலாமே" என்றாள். நான் என்ன பதில் சொல்ல?

அடுத்தது மூச்சு. மேலே காற்றே இல்லை, நெஞ்சு அடைக்கும் என்பது அவள் கட்சி. வெளியே காற்று மெல்லிசுதான், அது சரி. உள்ளே காற்றை அழுத்தி வைக்கிறார்கள். ஆனால் கடற்கரை அளவுக்கு இல்லை, 6,000 அடியிலிருந்து 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்கு. நுவரெலியா 6,100 அடி சொச்சம். பீதுருதாலகால உச்சி 8,281 அடி. ஆக, உன் அம்மா எந்தக் காற்றில் பிறந்து வளர்ந்து ஓடி விளையாடினாளோ, ஏறக்குறைய அதே காற்றுதான் பிளேனுக்குள்ளும். கொழும்பிலிருந்து நுவரெலியாக் கடைக்கு வரும் மிக்சர் பக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்குமே, நீ சின்ன வயதில் அதைத்தான் கேட்டு அடம்பிடிப்பாய். பிளேனிலும் அப்படித்தான் உப்பும். றம்பொடை மலைப்பாதை ஏறும்போது காது அடைப்பதும் அதே சங்கதி, எச்சிலை விழுங்கினால் விட்டுவிடும். ஒரு வித்தியாசம், பிளேன் காற்று ரொம்பக் காய்ந்தது. நம்ம மூடுபனியில் வளர்ந்தவளுக்கு உதடு வெடிக்கும். தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும்.

கதவு. யாராவது பைத்தியக்காரன் நடுவானில் திறந்துவிட்டால்? முடியாது. உள்ளே இருக்கும் அழுத்தமே கதவைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும், ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து டன்னுக்கு மேல். லொறி நிறையத் தேயிலைப் பெட்டி ஏற்றி அதைக் கையால் தள்ளுகிற மாதிரி. ஆனால் பாப்பா, அந்த வீடியோவில் ஒருவன் திறந்தது பொய் இல்லை. 2023இல் தென்கொரியாவில் நடந்தது. இறங்கப் போகிற நேரம், தரையிலிருந்து சுமார் 700 அடிதான். அங்கே அழுத்த வித்தியாசம் ரொம்பக் குறைவு. கதவு திறந்தபடியே இறங்கினார்கள், எல்லோரும் உயிரோடு. அதை "முப்பதாயிரம் அடியில்" என்று எழுதி அனுப்புகிறார்கள். பாதி உண்மை போட்டு அனுப்புவதால்தான் நம்புகிறார்கள்.

எண்ணெய் தீர்ந்தால் கல் மாதிரி விழும் என்பதற்கு நான் கண்டுபிடித்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது தராசுக் கதை. 1983 ஜூலை 23, கனடா. பெரிய போயிங் 767. எண்ணெய் காட்டும் கருவி பழுது, அதனால் கையால் அளந்து கணக்குப் போட்டார்கள். அந்த நாடு அப்போதுதான் கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. 22,300 கிலோ வேண்டிய இடத்தில் 22,300 இறாத்தல், அதாவது பவுண்டு, என்று கணக்கு விழுந்துவிட்டது. பாதிக்கும் குறைவு! நடுவானில் போய்க்கொண்டிருக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு எஞ்சினும் நின்றன. விமானம் விழவில்லை. பருந்து சிறகை அசைக்காமல் இறங்குகிற மாதிரி மிதந்துகொண்டே வந்து, கிம்லி என்ற ஊரில் கார் ரேஸ் நடக்கும் பழைய விமானத் தளத்தில் இறங்கியது. 69 பேரும் பிழைத்தார்கள். கொழுந்து நிறுக்கும் நம்ம மடுவத்தில் இறாத்தலிலிருந்து கிலோவுக்கு மாறியபோது, எங்கள் கொழுந்தைக் களவெடுக்கிறாய் என்று பெண்கள் கூடையை உன் தாத்தாவின் காலடியில் கவிழ்த்தார்கள். நிறுவையில் விளையாடக்கூடாது என்று அவர் சொல்வதை நான் கொழுந்துக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

கக்கூசுத் தண்ணீர் ஆகாயத்திலிருந்து நம் தலையில் கொட்டும் என்பது பதுளை ரயிலைப் பார்த்துவிட்டுச் சொல்வது. பிளேனில் தொட்டியில் உறிஞ்சி வைத்து, இறங்கிய பிறகு வண்டி வந்து எடுத்துப்போகிறது. இதைக் கேட்டுத்தான் அம்மா முதல் தடவை சிரித்தாள்.

ஒரே ஒன்றில் அவள் பக்கம் நியாயம் உண்டு. குலுக்கல். காற்றில் பள்ளம் என்று ஒன்றும் கிடையாது, காற்று ஏறி இறங்குகிறது, இறக்கைகள் அதற்கெல்லாம் வளைந்து கொடுக்கத்தான் செய்யப்பட்டவை. பிளேனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பெல்ட் போடாத ஆள் கூரையில் போய் இடிப்பான். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானத்தில் நிறையப் பேருக்குக் காயம், ஒரு முதியவர் இறந்தும் போனார். ஆகவே ஏறியதிலிருந்து இறங்கும்வரை அவளுக்கு இடுப்பில் பெல்ட் இருக்கும், பொறுப்பு என்னுடையது. கக்கூசுக்குப் போகும்போது மட்டும் விடுதலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, "குளிருக்கு உடுப்பு கொண்டுபோகணுமா?" என்று கேட்டாள். அப்படியென்றால் வருகிறாள். நீ தெரியாத மாதிரி இரு, அவளாகவே சொல்லட்டும். கருவாடு கொண்டுவரலாமா என்று கேட்டு எழுது. உன் மாமியார் கொடுத்த காயத்தூளும் இருக்கிறது.

டிக்கெட் போடும்போது பகல் விமானமாகப் பார்த்துப் போடு. அம்மா கேட்கவில்லை. எனக்குத்தான்.

அன்புடன்,
அப்பா