வலையைக் கடலிலேயே விட்டு வந்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

நாங்கள் மூன்று பேரும் கரை சேர்ந்து பத்து நாளாகிறது. என் கைக்கட்டை நேற்றுதான் அவிழ்த்தார்கள். இந்த மடல் பிந்தியதற்கு அதுவே காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரோ கடலில் அறுத்துப் போட்ட வலைத்துண்டு எங்கள் படகைத் தள்ளும் காத்தாடியில் சுற்றி இஞ்சின் நின்றபோது இன்னும் விடியவில்லை. குனிந்து அறுக்கப் போய் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டேன். நங்கூரமும் தரை பிடிக்கவில்லை. நீரோட்டம் வெளியே இழுத்தது. வயர்லெஸ்ஸில், ஆபத்துக்குக் கூப்பிடும் 16-ஆம் சேனலில் கூப்பிட்டோம். "பயப்படாதே தம்பி, ஜிபிஎஸ் நம்பரைச் சொல்லு" என்று வந்த குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த நேரத்தில் நீங்கள் ஆறு படகுக்காரர்களும் வலை வாங்கிக்கொண்டிருந்தீர்கள், அதாவது கடலில் விட்ட வலையைப் படகுக்குள் இழுத்துக்கொண்டிருந்தீர்கள். பாதி வலை படகில், பாதி தண்ணீரில். தொழில் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்: நண்டு வலை கடலடியில் கிடப்பது. சாயங்காலம் விட்டால் விடியலில் வாங்கிவிட வேண்டும். நேரம் தள்ளினால் சிக்கிய நண்டு செத்து, சதை நீர்த்துப்போகும். மீனும் சங்கும் தின்றது போக வெறும் ஓடுதான் மிஞ்சும். அந்த ஓட்டையும் கால் காலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்துதான் வலையை அறுத்து, முனையில் கொடிக்கம்பைக் கட்டி மிதக்கவிட்டு எங்களைத் தேடி வந்தீர்கள்.

எங்கள் படகைக் கட்டி இழுத்துப் போன படகில் என்னை ஏற்றிக்கொண்ட அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் என் கையைக் கட்டி முடித்ததும், காலடியில் கிடந்த வலையில் ஒரு சினை நண்டைப் பார்த்தீர்கள். முட்டைக்கொத்து மஞ்சளாக இல்லை, கறுத்திருந்தது, பொரியப்போகிற முட்டை. அந்த அவசரத்திலும் ஒரு கால்கூட ஒடியாமல் கழற்றி, பின்பக்கமாகப் பிடித்துத் தண்ணீரில் விட்டீர்கள். துடுப்புக்கால் இரண்டையும் அடித்துக்கொண்டு அது இறங்கிப் போனதைப் பார்த்தபோதுதான் எனக்கு நடுக்கம் நின்றது.

அக்காமாரே, மறுநாள் வந்த அந்த நாறிப்போன வலைகளை வெயிலில் உட்கார்ந்து பிரித்தீர்கள். விரலெல்லாம் முள் கீறியிருந்ததை என் மனைவி வந்து சொன்னாள். அந்தக் குவியலில் எங்கள் வலையும் இருந்ததாம். அதை வாங்கி வந்தது யாரென்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறீர்கள்.

கை முழுதாக மடங்க இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். அதற்குப் பிறகு, அறுத்த வலை ஆறையும் பொத்த நூலும் ஊசியுமாக நானே வருகிறேன். அதுவரை யாரும் கை வைக்க வேண்டாம்.

நன்றியுடன்,
உங்கள் தம்பி