நமது நடைப்பயிற்சிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் 14 உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத 33 பேருக்கு இது வாட்ஸ்அப்பில் வரும், படிக்கவும்.

1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கு ஜூலை 10 அன்று வழக்கம்போல மாலை போட்டோம். கோட்டை அகழியோரம் இரண்டு முறை குப்பை பொறுக்கினோம். சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடந்தது. பொங்கல் கோலப்போட்டியும் நடந்தது. பரிசுத் தகராறு தீர்ந்துவிட்டது.

அப்புறம், நம் பொருளாளர். ஆவணியில் ஒரு காலை பேப்பர் எடுக்கக் குனிந்தவர், வலது கை தொங்கிப்போய் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. கால் ஓரளவு தேறிவிட்டது, பேச்சு தேறவில்லை. இதற்கு அஃபேசியா என்று பெயர். நாக்கில் கோளாறு இல்லை, காதிலும் இல்லை. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கிறது, சொல் அகப்படுவதில்லை. எதைக் கேட்டாலும் "அதான்… அதான்." 1861-இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவரிடம் வந்த நோயாளிக்கு "டான்" என்ற சத்தம் மட்டுமே வந்ததாம்; இறந்த பின் பார்த்தால் மூளையின் இடப்பக்க முன்பகுதி பழுது. சிலருக்கு நேர்மாறாகப் பேச்சு கடகடவென்று வரும், அதில் பொருள் இருக்காது. பிறர் சொல்வதும் சரியாக விளங்காது.

செயற்குழுவில் சிலர், "அவருக்குப் புத்தி போயிடுச்சு, வேற ஆளைப் போடுங்க" என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் சொல்ல வேண்டியது என் கடமை.

கார்த்திகையில் கணக்கு நோட்டை அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். டிவியை அணைக்கச் சொன்னார் அண்ணி. இடது கை விரலை வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தவர், நான் எழுதிய பக்கத்தில் ஓரிடத்தில் தட்டினார். "அதான்." மறுபடி தட்டினார். இரண்டு பேர் கட்டிய 600 ரூபாயை நான் கூட்டலில் விட்டிருந்தேன். எத்தனை பேர் பாக்கி என்று கேட்டேன். எண் வாயில் வரவில்லை. "ஒண்ணு, ரெண்டு" என்று நான் தொடங்கியதும் கூடவே சொல்லிக்கொண்டு வந்து, பத்தொன்பதில் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். மனப்பாடமாக ஊறிய வரிசைகள் சிலருக்கு இப்படிப் பழுதாகாமல் தப்பிவிடும். வசவும் தப்பும். தலைவரைப் பற்றி ஒருநாள் மிகத் தெளிவாகவே வந்தது. அதை இங்கே எழுதவில்லை.

படங்கள் ஒட்டி லேமினேஷன் போட்ட நோட்டு ஒன்றுக்கு ரூ.860 ஆனது. குழுவைக் கேட்காமல் செலவழித்தேன் என்பது உண்மை. காபி, வெந்நீர், மாத்திரை, கோட்டை, நம் எல்லாருடைய முகம் என்று அதில் இருக்கிறது. "ஆமாம்" என்று சொல்லிவிட்டு இல்லை என்று தலையாட்டுகிறவருக்கு விரல் வைக்க ஓர் இடம் வேண்டாமா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் குறையும் சேர்ந்திருக்கிறது. அடையாள அட்டைக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.

போய்ப் பார்த்தவர்கள் ஒன்பது பேர். அதில் நான்கு பேர் செவிடரிடம் பேசுவதுபோலக் கத்தினார்கள். இரண்டு பேர் அவரை விட்டுவிட்டு அண்ணியிடமே "சாப்பிடறாரா?" என்று கேட்டார்கள். சின்ன வாக்கியமாக, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் தேடும் சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது. கொஞ்சம் கையிருப்பும் உண்டு. விவரம் வேண்டுவோர் நோட்டைப் பார்க்கலாம். முகாமுக்கு உதவிய மருந்துக்கடைக்காரருக்கும் டீ கொடுத்தவருக்கும் நன்றி.

வரும் ஆண்டும் அவரே பொருளாளர். எழுதுகிற வேலைக்கு மட்டும் ஒரு துணைப் பொருளாளர் தேவை. இதுவரை யாரும் முன்வரவில்லை. சந்தா பாக்கி உள்ள 19 பேரும் என் எண்ணுக்கு ஜிபே செய்ய வேண்டாம். மாலை 5 மணிக்கு மேல் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அங்கேயே கட்டலாம். ரசீதில் இடது கையால் கையெழுத்துப் போட அவருக்குக் கொஞ்ச நேரமாகும்.