குடும்ப ஜெபத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலமான லெந்து நாட்களும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளும் மும்பையில் ஏறக்குறைய சேர்ந்தே வருகின்றன. தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், சயான் கோலிவாடா, செம்பூர் என்று எந்தப் பக்கம் போனாலும் தமிழ்ச் சபைகளின் அறிவிப்புப் பலகையில் உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், மாணவர்களுக்கான விசேஷ ஜெபம் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். கூட்டங்கள் நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் கூட்டம் பெருகப் பெருக வீட்டு ஜெபம் குறைந்துகொண்டே வருகிறதே என்பதுதான் என் கவலை. தேர்வு முடிந்த மறுநாள் பிள்ளை ஜெபத்தை விடுகிறது, பெற்றோரும் விடுகிறார்கள். ஜெபம் என்றால் காரியம் ஆவதற்குப் போடும் விண்ணப்பப் படிவம் என்று அந்தப் பிள்ளையின் மனதில் ஒருமுறை பதிந்துவிட்டால், பிறகு எந்த ஓய்வுநாள் பள்ளியாலும் அதை மாற்றுவது கடினம்.

வீட்டில் ஜெபம் நின்றுபோனதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் நேரம். ஒருவர் சர்ச்கேட்டிலிருந்து வண்டி பிடித்து ஒன்பதரைக்கு வருகிறார், இன்னொருவர் நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிறார், பிள்ளைக்கு டியூஷன். உண்மைதான். ஆனால் குடும்ப ஜெபத்துக்கு முக்கால் மணி நேரம் வேண்டும் என்ற எண்ணமே தவறு. பன்னிரண்டு நிமிடம் போதும். பாட்டு இரண்டு நிமிடம்: கீர்த்தனையோ பாமாலையோ, இரண்டு சரணத்துக்கு மேல் வேண்டாம். வேதவாசிப்பு மூன்று நிமிடம். வாசித்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருக்க வேண்டும். ஆளுக்கொரு சிறு ஜெபமாக ஐந்து நிமிடம். கடைசியாகக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நிதானமாகச் சொன்னால் நாற்பது வினாடி, பிறகு ஆசீர்வாதம். எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இரண்டு பேர் இருந்தால் அதே நேரத்துக்குத் தொடங்கிவிட வேண்டும். நேரத்தைத் தினம் மாற்றும் வீட்டில் ஜெபம் ஒரு மாதம்கூடத் தாங்காது.

வாசிக்கும் பகுதியை அன்றன்று தேடிக்கொண்டிருந்தால் மூன்று நிமிடம் தேடுவதிலேயே போய்விடும். லெந்து நாட்களுக்கு மாற்கு சுவிசேஷம் கச்சிதமாகப் பொருந்தும். அதில் 678 வசனங்கள். நாளுக்குப் பதினைந்து வசனமாக வாசித்தால் 45 நாளில் 675 முடிந்து, மூன்று வசனம் மிச்சமிருக்கும். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை வரை, ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்தால், 46 நாள். பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் ஆங்கில வேதாகமத்திலோ மராத்தி வேதாகமத்திலோ அது வாசிக்கட்டும், அதே பகுதியைப் பெரியவர் தமிழில் வாசிக்கட்டும். பிள்ளை எந்த மொழியில் சண்டை போடுகிறதோ அந்த மொழியிலேயே ஜெபிக்க விடுங்கள். தமிழில்தான் ஜெபிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், மனப்பாடம் செய்த நான்கு வரியை ஒப்பித்துவிட்டு எழுந்துவிடும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை மட்டும் தமிழில் மனப்பாடமாகச் சொல்லித்தந்தால் போதும். வாசிப்பது செல்போனில் என்றால் முதலில் நெட்டை அணைத்துவிட வேண்டும். வசனத்துக்கு நடுவில் மெசேஜ் வந்து விழுந்தால் அதோடு கவனம் போயிற்று.

ஜெபிக்கும் வரிசையைப் பெரும்பாலான வீடுகளில் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். அப்பாவோ பாட்டியோ முதலில் தொடங்கி, உலக சமாதானத்திலிருந்து ஊரிலுள்ள சித்தப்பாவின் முழங்கால் வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. கடைக்குட்டி முதலில், மூத்தவர் கடைசியில் என்பதே சரியான வரிசை. அதோடு, ஜெபத்தில் பெயர் வர வேண்டும். "எல்லா நோயாளிகளையும் ஆசீர்வதியும்" என்பதைவிட "மூன்றாம் மாடி ஆன்ட்டிக்கு நாளைக்கு டயாலிசிஸ், பயமில்லாமல் போய் வரட்டும்" என்பது நல்ல ஜெபம். அப்படி ஜெபித்த வீட்டுப் பிள்ளை மறுநாள் மாலை அந்த ஆன்ட்டியின் கதவைத் தட்டி, "எப்படி இருக்கீங்க ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டு வரும். ஜெபத்தின் பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஜெபத்தைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. வெளியில் யாரும் அதைப் பேசுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, பெரியவர்கள் சொல்வதைக் கேட்கும் மனதை இந்த வீட்டுக்கு வந்த மகளுக்குக் கொடும்" என்று ஜெபிப்பது. இது ஆண்டவரிடம் பேசுவதல்ல, பக்கத்தில் முழங்காலில் நிற்கும் மருமகளுக்குப் போடும் போடு. அவளால் பதில் சொல்ல முடியாது, கடைசியில் ஆமென் வேறு சொல்ல வேண்டும். பிள்ளையின் மார்க்கை, கணவனின் குடியை இப்படி ஜெபத்தில் இழுக்கும் வீடுகளில், ஜெப நேரம் வந்தாலே ஆளுக்கு ஒரு வேலை முளைக்கும். வீட்டில் இருப்பவரைப் பற்றி ஒரு குறை இருந்தால் நேரில் சொல்லுங்கள். ஜெபத்தில் அவருக்காக நன்றி மட்டும் சொல்லுங்கள்.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் அமைப்பைக் கவனித்தால் நம் ஜெபங்களில் எங்கே கோணல் என்பது தெரியும். மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் உள்ளபடி ஏழு விண்ணப்பங்கள் என்று எண்ணுவது வழக்கம். தேவனுடைய நாமம், ராஜ்யம், சித்தம் என்று முதல் மூன்றும் நம் தேவையைப் பற்றியே அல்ல. ஆகாரம் நான்காவதாகத்தான் வருகிறது, அதுவும் அன்றைக்கு வேண்டியது மட்டும். ஐந்தாவதான மன்னிப்பில் மட்டும் நம் பங்கும் சேர்ந்து நிற்கிறது: நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களையும் மன்னியும் என்று. ஜெபத்தைக் கற்பித்து முடித்ததும் இயேசு திரும்ப எடுத்து விளக்குவதும் இந்த ஒன்றைத்தான். ஒரே வரிசை வீடுகளான சால் குடியிருப்பில், குழாயடியில் குடத்தை முன்னே பின்னே நகர்த்திய சண்டையில் மூன்று மாதமாகப் பேசாமல் இருக்கும் இரண்டு வீட்டாரும் தினமும் இதைச் சொல்லத்தான் செய்கிறார்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரம் சொல்வதை அப்படியே செய்யலாம். அடுத்த வீட்டில் போய், "குடத்தை நகர்த்தியது தப்பு, மனதில் வைத்துக்கொள்ளாதீங்க" என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. சொல்லிவிட்டு வந்து ஜெபிக்கலாம்.

தேர்வுக்கு வருகிறேன். "நீ ஜெபித்தால் பாஸ், ஜெபிக்காவிட்டால் ஃபெயில்" என்று பிள்ளையிடம் சொல்லவே கூடாது. நன்றாகப் படித்து, ஜெபித்து, அப்படியும் மார்க் குறைந்த பிள்ளையிடம், "உன் விசுவாசம் போதவில்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதைவிடக் கொடுமை வேறில்லை. சிலுவைக்கு முந்தைய இரவு கெத்செமனே தோட்டத்தில், துன்பத்தின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்ற ஒரே விண்ணப்பத்தை இயேசு மூன்று முறை வைத்தார், பாத்திரம் நீங்கவில்லை. பவுல் தன் சரீரத்திலிருந்த முள் நீங்க வேண்டுமென்று மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, கிருபை போதும் என்ற பதில் கிடைத்தது. இவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்வது? சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88-ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லாமல் இருளோடு முடிகிறது. ரிசல்ட் வந்த அன்று அழும் பிள்ளையோடு அதையும் வாசிக்கலாம். அப்படி ஒரு சங்கீதம் வேதத்திலேயே இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

ஜெபத்தின் பலனை அளந்து பார்த்த ஆய்வுகளும் உண்டு. 2001-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஆரோக்கியமான 23 பேர் ஜெபமாலையை லத்தீனில் சொன்னபோது அவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு நிதானப்பட்டது, இதயத் துடிப்பை உடல் ஒழுங்குபடுத்தும் திறனும் மேம்பட்டது. யோக மந்திரம் சொன்னபோதும் இதே பலன்தான். நிதானமாகச் சொல்லும் ஜெபம் உடம்பைத் தணிக்கிறது, அவ்வளவே இதற்குப் பொருள். 2006-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு வேறு விதமானது. இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஜெபிக்கிறார்களா இல்லையா என்று தெரியாமலே ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும், அப்படித் தெரியாமல் ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும், தங்களுக்காக ஜெபம் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதம் பேருக்கும் சிகிச்சைக்குப் பின் சிக்கல் ஏற்பட்டது. விசுவாசிகள் இதை மறைக்க வேண்டியதில்லை. கர்த்தரைப் பரீட்சை பாராதே என்று வேதமே சொல்கிறது. ஆனால் நடைமுறையில் ஒன்று கற்கலாம்: ஆபரேஷனுக்கு முந்தைய இரவு பத்துப் பேர் கட்டிலைச் சூழ்ந்து சத்தமாக ஜெபித்தால், நம் நிலைமை அவ்வளவு மோசமா என்று நோயாளி பயந்துபோகக்கூடும். ஒருவர் போதும். கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில், இரண்டே நிமிடம்.

நோயாளிகளைப் பற்றிய ஜெபக்குறிப்பு வாட்ஸ்ஆப்பில் போவதையும் நிறுத்திச் சீர்செய்ய வேண்டியிருக்கிறது. பெயர், மருத்துவமனை, வார்டு நம்பர், ஸ்கேன் ரிப்போர்ட்டின் படம் என்று எல்லாம் ஒரு மணி நேரத்தில் ஐந்து குழுக்களுக்குப் போய்விடுகிறது. பிறகு கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அதே நோய் விசாரணைக்கு வருகிறது. சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் ஒரு வரியும் அனுப்பக் கூடாது. "ஒரு சகோதரிக்கு நாளை ஆபரேஷன்" என்றால் ஆண்டவருக்குப் புரியும்.

மருந்தும் ஜெபமும் எதிரிகள் அல்ல. சாகும் நிலையில் நோயுற்றிருந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார், ஆயுளில் பதினைந்து வருஷம் கூட்டித் தரப்பட்டது. அதே ஏசாயா 38-ஆம் அதிகாரத்தில்தான் அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்வதும் இருக்கிறது. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாவது மாதத்திலேயே இருமல் நின்று எடை கூடும். "சுகமாகிவிட்டேன்" என்று சாட்சி சொல்லி மாத்திரையை விடுபவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் விடுகிறார்கள். நடுவில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும், ஒரே ரூமில் படுக்கும் ஐந்து பேருக்கும் அதே கிருமி போகும். சாட்சியை ஆறு மாதம் முடிந்து டாக்டர் சொன்ன பிறகு சொல்லலாம், ஸ்தோத்திரம் குறைந்துவிடாது.

உபவாசத்தில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்கள் சாப்பிடாமல் இருந்தால் ரத்த சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கக்கூடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பார்வை மங்கும், பேச்சு குழறும். உபவாசக் கூட்டத்தில் ஒருவர் இப்படி நடுங்கினால் ஆவியின் அசைவு என்று சுற்றி நின்று பாடும் ஆபத்து இருக்கிறது. பாட்டை நிறுத்திவிட்டு, நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள், தெளிந்ததும் சாப்பாடு போடுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள், வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள் உணவை விடவே வேண்டாம். சர்க்கரை மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு உபவாசம் இருப்பதும் ஆபத்துதான். இவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும் பழக்கம் உண்டு. ஒரு பிடி ஐம்பது கிராம் என்று வைத்தாலும், நாளுக்கு இரண்டு வேளைக்கு மாதம் மூன்று கிலோ சேரும். பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்று ஏசாயா 58 சொல்லும் உபவாசம் இதுவே.

ஒலிபெருக்கியைப் பற்றிச் சுருக்கமாக. இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மற்றவர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, சென்னையில் உள்ள ஒரு கிறிஸ்தவ சபையின் வழக்கில்தான். அந்த அமைதி வேண்டியவர்களில் சுவருக்கு அந்தப் பக்கம் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் ஒருவர்.

தங்கள் நாளிதழில் சபைகளின் உபவாச ஜெப அறிவிப்புகளை வெளியிடும்போது, "சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் உணவு உண்டு கலந்துகொள்ளவும்" என்ற ஒரு வரியையும் சேர்த்துத் தரும்படி சபைகளிடம் கேட்டு வாங்கிப் பிரசுரிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை,
சயான் கோலிவாடா, மும்பை.