பிளேஸ்டேஷன் சூடாகி நிற்பது பற்றி மகனுக்கு

திருக்கோவில்

அன்புள்ள மகனுக்கு,

உன்ர பிளேஸ்டேஷன் 4 விளையாட்டின் நடுவில் நின்றுபோகுது என்று சொன்னாய். கழற்ற முதல், அது எப்படி நிற்குது என்று கவனி மகன். ஃபேன் வரவர இரைந்து, சூடு கூடிவிட்டதென்று திரையில் காட்டி, அரை மணி ஒரு மணி நேரத்தால் நின்றால் சூடுதான் காரணம். சத்தமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, சட்டென்று அணையுது என்றால் பிளக், எக்ஸ்டென்ஷன் வயர், பவர் சப்ளை இவற்றைத்தான் முதலில் பார்க்க வேணும். தூசி தட்டி அது தீராது. போட்ட ஓரிரு நிமிடத்திலேயே சூடு காட்டினால் ஃபேன் சுற்றவில்லை, அல்லது சிப்பின் சூட்டைக் கடத்தப் பூசின தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது.

அந்த மெஷின் 5 முதல் 35 பாகை வரையான அறை வெப்பத்துக்குச் செய்தது. கச்சான் என்கிற வறண்ட காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பகல் வெக்கை அதைத் தாண்டும். அந்த நேரம் விளையாடாதே, இரவில் விளையாடு. சூட்டுக் காற்று பின்பக்கத்தால்தான் வெளியேறும். சுவரிலிருந்து குறைந்தது 10 சென்ரிமீற்றர் தள்ளி வை. மூடிய தட்டிலோ மெத்தையிலோ வைக்காதே.

இதெல்லாம் சரியாக இருந்தும் நின்றால், உள்ளே தூசி. நீ இருக்கிற கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்பு ஈரத்தோடு படிகிற தூசி வெளியிலிருந்து ஊதினால் பறக்காது. சூட்டை வாங்கி வெளியே விடுகிற ஹீட் சிங்க்கின் உலோகத் தகடுகளுக்கு இடையில் கம்பளித் துண்டு மாதிரி இறுகி நிற்கும். திறந்துதான் எடுக்க வேணும்.

உன்னிடம் இருப்பது முதல் வந்த தடித்த மொடல். வயர்களை எல்லாம் கழற்றி நன்றாக ஆறவிடு. பின்பக்கம் நாலு ஸ்க்ரூ இருக்கும், சிலது ஸ்டிக்கருக்குக் கீழே மறைந்திருக்கும். நடுவில் துளையுள்ள நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர் வேணும்: டி8 அல்லது டி9, எது இறுக்கமாகப் பொருந்துதோ அது. தளர்வானதைப் போட்டுத் திருகினால் தலை தேய்ந்துவிடும். கீழ்மூடியைத் தூக்கினால் பவர் சப்ளைப் பெட்டி தெரியும். அதன் ஸ்க்ரூக்களையும் சின்ன வயரையும் கழற்றி நேராக மேலே தூக்கு. பெட்டியை மட்டும் உடைத்துப் பார்க்காதே மகன். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கொண்டென்சரில் மின்சாரம் நிற்கும்.

இப்ப ஹீட் சிங்க் தெரியும். மெல்லிய பிரஷால் தகடு போகிற திசையிலேயே தூசியைக் கிளப்பி, பிறகு அழுத்திய காற்று அடைத்த டின்னால் ஊது. டின்னை நிமிர்த்திப் பிடி. சரித்தால் திரவம் பாயும். ஊதக்குள்ள ஃபேனை விரலால் அசையாமல் பிடி, காற்றில் கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும்.

இதோடு பெரும்பாலும் சரியாகும். மூடி, ஒரு மணி நேரம் பாரமான விளையாட்டு ஒன்றை ஓட்டிப் பார். திரும்பவும் இரைந்து நின்றால் தெர்மல் பேஸ்ட் மாற்ற வேணும். அதற்கு மெயின் போர்டையே வெளியே எடுக்க வேணும். ரிப்பன் வயர்கள் இலேசில் கிழியும், பொறுமை தேவை. காய்ந்த பேஸ்டை 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்து, சிப்பின் நடுவில் பட்டாணியளவு புதிதாக வை. அளவுக்கு மேல் வைத்தால் அதிகமாகக் குளிராது. இறுக்கிப் பிடிக்கிற எக்ஸ் வடிவத் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு. ஒரு பக்கம் முந்தினால் பேஸ்ட் சரிந்து மற்றப் பக்கம் தொடாது.

அதுவரைக்கும் நின்ற உடனே திரும்பப் போடாதே. அப்படி அடிக்கடி அணைந்தால் ஹார்ட் டிஸ்க்கில் சேமித்ததும் கெட்டுப்போகும். பேஸ்டில் கை வைக்க முதல், திறந்த நிலையில் ஹீட் சிங்க்கைக் கிட்டப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டுக் கோல் எடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா