70-க்கு 30 என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்

பிளாஸ்டிக் கலவைகளுக்குத் தரவுத் தாள் எழுதுகிறவர்களுக்கும், அந்தத் தாளை வைத்துத் தர விதி வகுக்கும் குழுக்களுக்கும்,

வணக்கம். பரிசோதனைக் கூடத்தில் பார்களை, அதாவது சோதனைக்காக வார்த்த பிளாஸ்டிக் பட்டைகளை, இழுத்தும் அடித்தும் உடைப்பதுதான் என் வேலை. நீங்கள் அனுப்புகிற தாளில் பாலிப்ரொப்பிலீன் 70, பாலிஎதிலீன் 30 என்று இருக்கும், கீழே அடர்த்தி, உருகு ஓட்டம், இழுவிசை வலிமை, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அந்தப் பொருள் கீழே விழுந்தால் தாங்குமா என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

ஒருமுறை ஒரே விகிதத்தில், ஒரே மூலப்பொருளில் செய்த இரண்டு தொகுதிகள் வந்தன. முதல் தொகுதிப் பாரை இழுத்தால் நடுவில் வெளுத்து, கழுத்துபோல் ஒடுங்கி (இதைத்தான் கழுத்து விழுவது என்போம்), நீண்டுகொண்டே போனது. இரண்டாவது தொகுதி கிட்டத்தட்ட அதே விசை வரை வந்து, கழுத்து விழுவதற்குள் டக்கென்று போய்விட்டது. வலிமை எண்ணை மட்டும் தாளில் போட்டால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். சரி, உள்ளே என்னதான் இருக்கிறது என்று திரவ நைட்ரஜனில் முக்கி உடைத்து எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். இந்த இரண்டு பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கலக்காது, குறைவாக இருப்பது மற்றதற்குள் துளிகளாக நிற்கும். முதலாவதில் ஒரு மைக்ரான் அளவுக்குச் சின்னச் சின்னத் துளிகள். இரண்டாவதில் அதைப்போல் பத்து மடங்கு பெரிய உருண்டைகள், பாதி உருண்டைகள் கழன்று விழுந்து வழவழவென்று வெறும் குழிதான் மிச்சம். ஒட்டியிருந்தால் குழி அப்படிச் சுத்தமாக இருக்காது. விசாரித்ததில், அந்தத் தொகுதி மோல்டிங் மெஷினின் பேரலில், அதாவது பிளாஸ்டிக் உருகும் சூடான குழலில், உருகிய நிலையிலேயே நெடுநேரம் நின்றிருக்கிறது, துளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெருத்துவிட்டன. இதில் எதுவும் உங்கள் தாளில் வராது.

இந்த இரண்டு பிளாஸ்டிக்கும் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தானே, ஏன் கலக்கவில்லை என்று இன்னமும் கேட்கிறார்கள். சிறிய மூலக்கூறுகள் கலைந்து நிற்க எண்ணற்ற வழிகள் உண்டு, கலப்பதில் அவற்றுக்கு அதுதான் பெரிய லாபம். ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த சங்கிலிக்கு அந்த லாபம் ரொம்ப அற்பம், கொஞ்சம் மனஸ்தாபம் இருந்தாலே தனித்தனியாகப் போய்விடும். ஃப்ளோரி, ஹக்கின்ஸ் என்ற வேதியியலாளர்கள் 1940-களின் தொடக்கத்திலேயே போட்டுக் காட்டிய கணக்கு இது. பாலிஸ்டைரீனும் பாலிபினிலீன் ஆக்சைடும் எந்த விகிதத்திலும் கலக்கும் என்பது உண்மைதான், ஆனால் அப்படிப்பட்ட ஜோடிகள் குறைவு. மற்றதெல்லாம் பங்காளிகள், பக்கத்தில் இருப்பார்கள், சேர மாட்டார்கள்.

அதற்காகப் பிரிந்து நிற்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. பாலிஸ்டைரீன் ஓரிரண்டு சதவீதம் நீளுவதற்குள் உடைந்துவிடும். அதில் சில மைக்ரான் அளவு ரப்பர் துளிகள் இருந்தால் ஒரே விரிசலாகப் போக வேண்டியது ஆயிரம் நுண்கீற்றுகளாகச் சிதறி, பொருள் அடியைத் தாங்குகிறது. அங்கே ரப்பர் பிரிந்து நிற்பதுதான் வேலையே செய்கிறது. ஆனால் எந்த அளவில் பிரிந்திருக்கிறது? நைலான் 66-இல் ரப்பர் சேர்த்தால், துளிக்கும் துளிக்கும் நடுவிலுள்ள சுவர் ஏறக்குறைய 0.3 மைக்ரானுக்குக் கீழே மெலிந்தால்தான் பொருள் அடி தாங்கும் என்று சூஹெங் வூ என்ற ஆய்வாளர் 1985-இல் காட்டினார். ரப்பர் சதவீதம் மாறாமல் துளி மட்டும் பெருத்தால் சுவர் தடித்து, அதே நைலான் மறுபடி நொறுங்கும். இதைப் படித்த பிறகும் சதவீதத்தை மட்டும் எழுத எப்படி மனம் வருகிறது என்று தெரியவில்லை.

கண்ணாடி இழை சேர்த்தவற்றிலும் இதே கூத்துதான், 30 சதவீதம் என்று எழுதுகிறீர்கள், மெஷினுக்குள் உருகைத் தள்ளும் ஸ்க்ரூவில் அரைபட்டு இழை எவ்வளவு நீளத்துக்கு மிஞ்சியது என்று எழுதுவதில்லை.

அப்புறம் அந்தக் 'கூடுதல் சேர்க்கை' என்கிற ஒற்றை வரி. பாலிஎதிலீனும் பாலிப்ரொப்பிலீனும் துண்டு துண்டாக மாறி மாறி வரும் ஒற்றைச் சங்கிலியை வெறும் 1 சதவீதம் சேர்த்தாலே, உடையக்கூடிய அந்தக் கலவை நீண்டு கொடுக்கிறது என்று கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழகக் குழுக்கள் 2017-இல் காட்டின. சங்கிலியின் ஒரு பகுதி இந்தப் பக்கமும் மறு பகுதி அந்தப் பக்கமும் வேர்விட்டு, எல்லையைத் தைத்துவிடுகிறது. 70-ஐயும் 30-ஐயும் விட அந்த 1-தான் முக்கியம், நீங்கள் அதற்குப் பெயர்கூடப் போடுவதில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. உடையும்போது எவ்வளவு நீண்டது, வெட்டுப் போட்ட பார் எவ்வளவு அடி தாங்கியது, துளியின் சராசரி அளவு என்ன, அந்த அளவை எடுத்த மாதிரித் துண்டு எந்த வெப்பத்தில் எத்தனை நிமிடம் உருகி நின்றது, இவற்றை வலிமை எண்ணுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். முடிந்தால் இரு முனையிலிருந்தும் உருகு பாய்ந்து நடுவில் சந்திக்கிற பாரையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், மோசமான கலவை அந்தச் சந்திப்புக் கோட்டில்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். அந்த எண் அசிங்கமாக வந்தாலும் பரவாயில்லை, அதையும் போடுங்கள்.