அபஹாவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம், அங்கே எல்லாரும் நலமா? உன் கடிதமும் அம்மாவின் கண் பரிசோதனைச் சீட்டு நகலும் சேர்ந்தே கிடைத்தன. பதில் பிந்திவிட்டது. பள்ளிக்கூடங்களில் கதிர்வீச்சை அளக்கும் டிடெக்டர் மாட்டுகிற பருவம் இது, அந்த வேலையே ஆளை இழுத்துக்கொள்கிறது.

குளிர் பற்றி அம்மா கேட்டிருந்தாள். அபஹா கடல்மட்டத்துக்கு 2200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சவூதி என்றால் வெறும் மணல் என்று கிழக்கு வீட்டு மாமி நினைப்பது போல இல்லை. மூடுபனி இறங்கினால் எதிர்க் கட்டடம் தெரியாது. கம்பளிப் போர்வை இரண்டு வாங்கிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல். தண்ணீர் இங்கே 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் நம் சம்பா அரிசி திறந்த பானையில் லேசில் வேகாது. குக்கரில்தான் வைக்கிறேன். தேன், நெய், பேரீச்சம்பழம் போட்டுப் பிசைந்து அரீகா என்று ஒன்று தருகிறார்கள். காலையில் அதைத் தின்றால் மதியம் வரை பசிக்காது. சாப்பாட்டுக்குக் குறையில்லை.

மேல்வீட்டில் சூடான்காரப் பெரியவர் ஒருவர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் என் கதவைத் தட்டி ஒரு கிண்ணம் அவித்த பயறு கொடுப்பார், பேசாமல் படியேறிப் போய்விடுவார். மலைக்குரங்குகள் கூட்டமாக வந்து பால்கனியில் உட்காரும்போது மட்டும் அவர் குரல் தெருவெல்லாம் கேட்கும். ஜன்னலைத் திறந்து வைக்காதே என்று எனக்குக் கையைக் காட்டுவார்.

இனி நீ கேட்டது. உன் வகுப்புப் பிள்ளைகள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கதிர் வீசும் மண்ணைப் பற்றிக் கேட்கிறார்கள், கதிர்வீச்சை எண்ணிக் காட்டும் கைகர் கவுண்டர் ஒன்று வாங்கிக் காட்டலாமா என்று எழுதியிருந்தாய். வாங்கு. ஆனால் கருவியை மேசையில் வைத்து “பாருங்கள், சத்தம் போடுகிறது” என்று தொடங்காதே. இங்கே பல பள்ளிகளில் நடப்பது அதுதான். சத்தம் கேட்ட பிள்ளை பயத்தோடு வீட்டுக்குப் போகிறது, அதற்குமேல் ஒன்றும் படிப்பதில்லை.

இங்கே நாங்கள் செய்வதைச் சொன்னால் உனக்கு வழி தெரியும். வகுப்பறைக் காற்றில் ரேடான் எவ்வளவு என்று அளக்கிறோம். மலை முழுக்கக் கிரானைட்டும் பழம்பாறையும், அதில் யுரேனியம் கொஞ்சம் இருக்கும், அதிலிருந்து ரேடான் என்ற கதிர் வீசும் வாயு கசிந்து மூடிய அறையில் சேரும். அரபு நாடுகளில் இந்த வேலைக்கு அதிகம் பயன்படுவது சி.ஆர்.-39 என்ற பிளாஸ்டிக். ரேடான் வீசும் ஆல்பா துகள் பட்டால் அதில் கண்ணுக்குத் தெரியாத தடம் விழும். அம்மானின் மழலையர் பள்ளிகளில் அளந்த கட்டுரை 1997-லேயே வந்துவிட்டது. பாலஸ்தீனத்தின் துல்கர்ம் பகுதித் தொடக்கப்பள்ளிகளிலும் அளந்திருக்கிறார்கள். மின்சாரம் வேண்டாம், விலை குறைவு, மாட்டிவிட்டு வந்துவிடலாம் என்பதால்தான் எல்லாரும் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒன்றரை சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, மூலையில் ஊசியால் எண் கீறுகிறோம். பேனா மை பின்னால் காரத்தில் கரைந்துவிடும். துண்டை பிளாஸ்டிக் கப்பின் அடியில் ஒட்டி, வாயை மெல்லிய பஞ்சுத் தகட்டால் மூடுகிறோம். ரேடானின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைகிற காலம், 3.8 நாள், அது நிதானமாக ஊடுருவி உள்ளே போகும். தோரியத்திலிருந்து வரும் தோரான் வாயுவின் அரை ஆயுள் 55 விநாடிதான், பஞ்சைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் அழிந்துவிடும். தூசியில் ஒட்டிய மற்றவையும் வெளியே நின்றுவிடும். கப்பைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பிள்ளைகள் உட்கார்ந்து மூச்சு விடுகிற உயரத்துக்குச் சற்று மேலே தொங்கவிடவேண்டும். கதவு, ஜன்னல், ஏ.சி. எதிரே கூடாது. மூன்று மாதம் கழித்துப் போனால் சில கப்புகள் இருக்காது. துப்புரவு செய்பவர் எடுத்திருப்பார், இல்லை பிள்ளைகள் பந்தாக ஆடியிருப்பார்கள். அதனால் ஐந்துக்கு ஒன்று கூடுதலாக மாட்டுவது வழக்கம். பெண்கள் பள்ளிக்குள் நாங்கள் போக முடியாது, துறையின் பெண் ஆசிரியைகள்தான் போகிறார்கள். இரண்டு குழுவும் ஒரே அளவுகோலில் மாட்டுகிறதா என்று முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் கடைசியில் ஆண் பள்ளி, பெண் பள்ளி வித்தியாசம் என்று இல்லாத ஒன்று கிளம்பிவரும்.

எடுத்து வந்ததும் துண்டைச் சோடியம் ஹைட்ராக்சைடில் அரிக்கவேண்டும், அப்போதுதான் தடம் துளையாகப் பெரிதாகித் தெரியும். 6.25 நார்மல், அதாவது ஒரு லிட்டர் கரைசலுக்கு 250 கிராம். தண்ணீரில் வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். வில்லையின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. 70 டிகிரி, ஆறு ஏழு மணி நேரம். வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி ஏறினாலே துளைகள் பெரிதாகிவிடும். பாத்திரம் மூடியில்லாமல் இருந்தால் நீர் ஆவியாகிக் கரைசல் கெட்டியாகும், காலையில் அரித்ததும் மாலையில் அரித்ததும் ஒப்பிட முடியாமல் போகும். பிறகு கழுவி, துடைக்காமல் உலர்த்தி, 400 மடங்கு நுண்ணோக்கியில் எண்ணவேண்டும். வட்டமாகவோ நீள்வட்டமாகவோ கருத்துத் தெரிவது ஆல்பா துகளின் தடம். நீளக் கோடு கீறல், அதை எண்ணக்கூடாது. ஒரே துண்டை இரண்டு பேர் எண்ணி, பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் மறுபடி எண்ணுவார்கள்.

கணக்கு உன் பன்னிரண்டாம் வகுப்புக்கே போதும். அறையில் மாட்டாமல் வைத்திருந்த துண்டின் எண்ணிக்கையைக் கழித்தபின் சதுர சென்டிமீட்டருக்கு 162 தடம், நாள் 90, அளவுத்திருத்த எண் 0.03 என்று வைத்துக்கொள். 90-ஐ 0.03-ஆல் பெருக்கினால் 2.7. 162-ஐ 2.7-ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 60 பெக்கரல், அதாவது விநாடிக்கு 60 சிதைவு. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 100, முடியாத இடத்தில் 300-ஐத் தாண்டக்கூடாது. ஆனால் இந்த 60-இல் பள்ளி பூட்டிக் கிடந்த இரவும் விடுமுறையும் சேர்ந்திருக்கின்றன. பிள்ளைகள் உள்ளே இருக்கும் நேரத்தில் கதவு திறந்திருக்கும், உண்மையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். குளிர்காலத்தில் எல்லாம் சாத்தியிருக்கும்போது அளந்ததை வருடம் முழுவதற்கும் சொல்லவும் கூடாது. இதை எழுதாமல் விட்ட கட்டுரை எனக்குக் கட்டுரையாகவே தெரிவதில்லை.

கற்பித்தல் பக்கமும் ஒரு வேலை நடக்கிறது. பாடத்துக்கு முன் ஒரு தேர்வு, பின் அதே தேர்வு. ஒவ்வொரு கேள்விக்கும் விடையோடு காரணத்தையும் எழுதச் சொல்வார்கள், ஏனென்றால் சரியான விடையைத் தவறான காரணத்தோடு சொல்கிற பிள்ளைகள் நிறைய. மூன்று குழப்பங்கள் எந்த நாட்டிலும் உண்டு. எக்ஸ்ரே பட்ட பொருள் தானும் கதிர் வீசத் தொடங்கும் என்பது ஒன்று. இரண்டு அரை ஆயுள் போனால் எல்லாம் முடிந்துவிடும் என்பது மற்றொன்று. மூன்றாவது, எண்ணிக்கை ஒவ்வொரு நிமிடமும் மாறினால் கருவி பழுது என்று நினைப்பது. பல்கலைக்கழக மாணவர்களிடமும் இது இருக்கிறது.

ஆகவே நீ முதல் நாள் கதிர் வீசும் பொருள் எதையும் காட்டாதே. மைக்கா ஜன்னல் உள்ள குழாயாக வாங்கு, அந்த ஜன்னலில் யார் விரலும் படக்கூடாது, உடைந்தால் குழாய் போயிற்று. வகுப்பில் ஒன்றுமில்லாமல் ஒரு நிமிட எண்ணிக்கையை ஐம்பது முறை எடுக்கச் சொல். 24 வரும், 35 வரும், 29 வரும். கட்டம் போட்டு வரையச் சொல். 30-க்கு வர்க்கமூலம் ஐந்தரை, அந்த அளவு ஆட்டம் இயல்பு. பத்து நிமிடம் எண்ணி 300 வந்தால் ஆட்டம் 17, பங்கில் பார்த்தால் குறைந்துவிட்டது. இதைக் கையால் கண்டுபிடித்த பிள்ளை பிறகு எந்தச் செய்திக்கும் அரளாது.

அடுத்த நாள் பொட்டாசியம் குளோரைடு, இயல்பிலேயே லேசாகக் கதிர் வீசுகிற உப்பு. ஒரு கிராமில் விநாடிக்கு 16 சிதைவு. குவித்து வைக்காதே, மேலடுக்கிலிருந்து வருகிற பீட்டா துகள்தான் வெளியே வரும், அதனால் தட்டில் மெல்லியதாகப் பரப்பு. பக்கத்தில் ஒரு ரப்பரை ஒரு மணி நேரம் வைத்து எடுத்து அளக்கச் சொல், பின்னணி எண்ணிக்கைதான், அதாவது ஒன்றும் வைக்காதபோது வந்ததுதான் வரும். முதல் குழப்பம் அங்கே தீரும்.

மூன்றாவது பலூன். கம்பளியில் நன்றாகத் தேய்த்து, பூட்டிய அறையில் நூலில் முக்கால் மணி நேரம் தொங்கவிடு. ரேடான் சிதைந்து பிறக்கும் வழித்தோன்றல்கள் நேர்மின்னூட்டம் உள்ளவை, வந்து ஒட்டிக்கொள்ளும். காற்றை மெதுவாக இறக்கி, மடித்து, குழாயின் முன் வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணச் சொல். இங்கே அரை மணி, முக்கால் மணியில் பாதியாகக் குறைந்து, மூன்று நான்கு மணி நேரத்தில் பின்னணிக்கு வந்துவிடும். நம் ஊரில் அப்படி வராது, அக்கா. நம் கருமணலில் உள்ள மோனசைட் தாதுவில் இருப்பது தோரியம், அதன் வழியில் வரும் ஈயம்-212-இன் அரை ஆயுள் 10.6 மணி. உன் பிள்ளைகளின் வளைகோட்டில் மறுநாள் காலை வரை ஒரு வால் நிற்கும். உலகத்தில் பல பள்ளிகளுக்குக் கிடைக்காத பாடம் அது. ஒரே ஒரு தடை, நம் கடற்காற்றின் ஈரத்தில் பலூனில் மின்னூட்டம் நிற்காது. மார்கழி, தை வெயிலில் காற்று உலர்ந்திருக்கும்போது செய், இல்லாவிட்டால் வேக்குவம் கிளீனர் வாயில் வடிதாள் கட்டிக் காற்றை இழு.

மணலைப் பள்ளியில் சேர்த்து வைக்காதே. மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிறது, நமக்கு வேண்டாத தொல்லை. கருவியைக் கடற்கரைக்குக் கொண்டு போ. கருமணல் திட்டின்மேல் ஒரு முறை, வெள்ளை மணலில் ஒரு முறை. பிறகு கை கழுவச் சொல். கையில் ஒட்டிய மணல் கழுவினால் போகிறது, மணலின் பக்கத்தில் நின்ற கைக்குக் கழுவ ஒன்றுமில்லை என்பதை அங்கேயே காட்டிவிடலாம். பயப்படுகிற பெற்றோர் வந்தால், கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கடற்கரை மக்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், அங்கே கதிர்வீச்சு அதிகம் உள்ள இடத்திலும் புற்றுநோய் கூடவில்லை என்று 2009-இல் எழுதியிருப்பதைச் சொல்.

இங்கே காமா கதிரின் ஆற்றலைப் பிரித்துக் காட்டும் சோடியம் அயோடைடு டிடெக்டரைச் சரிபார்க்கத் தோரியம் மாதிரி ஒன்றை வைப்போம். இரவில் ஆய்வகச் சூடு குறைந்தால் நிறமாலை மொத்தமும் ஒரு பக்கம் நகர்ந்துவிடும், அதனால் காலையில் இது முதல் வேலை. வலது ஓரத்தில் 2614 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு முகடு எழும், தோரியத்தின் வழியில் வரும் தாலியம்-208. மாணவர்களுக்கு அது அளவுத்திருத்தப் புள்ளி. எனக்கு நம் கரை, அக்கா. கட்டுமரம் ஏறுகிற மணல், அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த இடம், மரச்சீனிக்கிழங்கும் நெத்திலிக் குழம்பும் வைத்து நீ கூப்பிடுகிற சத்தம். அந்த முகடு எழும்போது கொஞ்ச நேரம் யாரிடமும் பேசத் தோன்றுவதில்லை. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவேண்டாம்.

அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். சீட்டைப் பார்த்தேன், வலது கண்தான் முதலில் செய்யவேண்டியது. முன்னால் சர்க்கரை பரிசோதனை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தேதி கொடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பணம் இந்த மாதம் சற்றுப் பிந்தி வரும், ஒப்பந்தம் புதுப்பிக்கிற காகித வேலை, வேறொன்றுமில்லை. அதுவரை சங்கத்தில் வைத்த வளையலைத் திருப்ப வேண்டாம், வட்டியை மட்டும் கட்டச் சொல் அத்தானிடம். பெரியப்பா கிழக்கு மதிலை ஒரு அடி தள்ளிக் கட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். அவரோடு வாய் கொடுக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் புல எல்லை வரைபட நகல் வாங்கி, சர்வேயரை வைத்து அளந்துவிட்டுப் பேசுங்கள். பட்டா மர அலமாரியில் அப்பாவின் பழைய பைக்குள் இருக்கும்.

சின்னவனைக் கல்லூரியில் சேர்க்கிற விஷயத்தில் அவசரம் வேண்டாம். இயற்பியல் வேண்டும் என்று அவனே சொல்கிறானா, நீ சொல்ல வைக்கிறாயா? அவனையே ஒரு பக்கம் எழுதச் சொல், அடுத்த கடிதத்தோடு அனுப்பு. வடிதாளும் மைக்கா ஜன்னல் குழாய்க்கான மூடியும் ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் நாகர்கோவில் பேருந்து நிலையத்தில் இறங்குவார், அத்தானைப் போய் வாங்கிக்கொள்ளச் சொல்.

அன்புடன்
உன் தம்பி