ரோபோ வாக்கர்: வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியருக்கு,

பார்வையும் மங்கி, காலும் தள்ளாடும் முதியவருக்கு வெள்ளைக்கோல் மட்டும் போதாது. அது தடம் காட்டும், உடலைத் தாங்காது. சாதாரண வாக்கரைப் பிடித்தாலோ கோலுக்குக் கை மிஞ்சாது. இதற்காகவே 1990களில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜெரார்டு லேசி குழுவினர் ‘பாம்-எய்டு’ ரோபோ வாக்கரை, அதாவது சென்சாரால் தடைகளைக் கண்டு சக்கரத்தைத் திருப்பி வழிகாட்டும் நடைவண்டியை, உருவாக்கினர். பின்னர் அதுவே ‘குய்டோ’ ஆனது.

அது ஆளை இழுத்துக்கொண்டு ஓடாது. தள்ளுவது நடப்பவர்தான், மோட்டாரின் வேலை முன்சக்கரங்களைத் திருப்புவது மட்டுமே. அவர் நின்றால் வண்டியும் நிற்கும். நடை தளர்ந்தவருக்கு இந்த அடக்கம்தான் பாதுகாப்பு. விளம்பரத்தில் வேகத்தைச் சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள்.

சென்சார் எல்லாவற்றையும் பார்த்துவிடாது. லேசர் பெரும்பாலும் ஒரே உயரத்தில் கிடைமட்டமாக வருடும். மேசையின் கால் தெரியும், மேலே துருத்தி நிற்கும் பலகை தெரியாது. கண்ணாடிக் கதவில் ஒளி ஊடுருவிவிடும். அங்கே, ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் தடையை அறியும் சோனார் உதவும். ஆனால் அதன் ஒலி சாய்வான சுவரில் பட்டு வேறுபக்கம் சிதறும். இறங்கு படிக்கட்டு இவற்றையெல்லாம்விட மோசம். எதிரே தடை எதுவும் இல்லாததால் ‘வழி இருக்கிறது’ என்றே கருவி எடுத்துக்கொள்ளும். தரையை நோக்கிய தனி சென்சார் உண்டா என்று கேளுங்கள்.

செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரமே கைப்பிடிக்குச் சரி. தாழ்ந்தால் ஆள் குனிவார், வண்டி முந்தி ஓடும். பேட்டரியை அணைத்துவிட்டு பிரேக் பிடிக்கிறதா என்றும் கடையிலேயே சோதியுங்கள்.

– இயன்முறை சிகிச்சையாளர், திருச்சி